ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

காதுக்கு முன்னால் விரல் வைத்தால்
வாய் திறக்கும்போது ஒரு குழி விழுமே,
அங்கேதான்.
அங்கேதான் என்று சொன்ன மறுநாள்
கன்னத்துக்குப் போய்விட்டது.
பிறகு கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லுக்கு.
தட்டிப் பார்த்தார்கள், பனிக்கட்டி வைத்துப் பார்த்தார்கள்,
கடைசியில் பிடுங்கியே விட்டார்கள்.
இப்போது
பல் இல்லாத இடத்தில்
பல்வலி.

பலதுறை மருந்தகத்தில் ஒரு கடிதம் கொடுத்தார்கள்.
கடிதத்துக்கு நான்கு மாதம் தள்ளி ஒரு தேதி.
மூக்குக்காரர். நரம்புக்காரர்.
ராத்திரி கடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு,
முந்நூற்றெண்பது வெள்ளி, கைக்காசு.
எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்திருந்தபோது
இந்த மெஷினில் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று தோன்றியது.
தொழில் புத்தி.

குத்துகிறதா, எரிகிறதா என்றார் டாக்டர்.
குடைகிறது.
அதை ஆங்கிலத்தில் சொல்லப் போய்
துளை போடுகிறது என்று சொல்லிவிட்டேன். அது வேறு வலி.
ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை?
மாடி எண் கேட்பதுபோல் இருந்தது.
ஏழு என்றேன்.
ஏழரை என்று சொல்லியிருக்கலாம்,
பக்கத்தில் மேகலா இருந்தாள்,
ஏற்கெனவே சனிக்கிழமைதோறும் எள் தீபம் போடுகிறாள்.

ஹைரூல் சொல்கிறான்: ஏர்கான் காற்று.
மேகலா சொல்கிறாள்:
நீங்க கோவத்த மென்னு முழுங்குற ஆளு.
என்ன கோபம் என்று ஒரு ஞாயிறு முழுக்கத் தேடினேன்.
தேடினால் கிடைக்காமலா போகும்?
தம்பி திருப்பித் தராத எட்டாயிரம்,
பதவி உயர்வுப் பட்டியலில் விட்டுப்போன என் பெயர்.
ஆனால் அவையெல்லாம் இந்த வலியைவிட
வயதில் மூத்தவை. இத்தனை நாள்
சும்மா இருந்தவை.

போன வியாழக்கிழமை டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.
எல்லாம் சுத்தம். நல்ல செய்தி.
நன்றி சொன்னேன்.

அந்த வாசகம் எனக்குப் பழக்கம்.
இருபத்திரண்டு வருடமாக நான் எழுதுவது.
மின்தூக்கியின் கூரைமேல் ஏறி நின்று
கம்பியைத் தடவி, ரோலரைச் சுற்றிப் பார்த்து,
குறை காணப்படவில்லை,
தேதி, கையெழுத்து.

ஈசூனில் ஒன்பதாம் மாடி மக்சிக் ரொகாயா
மூன்று தடவை புகார் கொடுத்தார்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஓர் இடறல்,
தனியாகப் போகும்போது மட்டும்.
மூன்று தடவையும் போனேன்.
நானும் அவரும் ஏறினால்
வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனது.
நீ வந்தா நல்லா நடந்துக்குது என்றார் மலாயில்,
பள்ளிக்கூடப் பிள்ளையைச் சொல்வதுபோல.
நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புதான் காரணம் என்று சொல்ல வரவில்லை.
காரணம் தேடி இளைத்தவன்
காலில் தட்டுப்பட்டதையெல்லாம் காரணம் என்பான்.

நேற்று வேலை முடிந்து, அட்டவணையில் இல்லாமல்,
அந்த புளோக்குக்குப் போனேன்.
கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு
தனியாக ஏறினேன், இறங்கினேன்.
பன்னிரண்டு தடவை.
சைக்கிளோடு ஒரு பையன், கோழிச்சோற்றுப் பொட்டலத்தோடு ஒரு சீனர்
வந்தபோதெல்லாம் இறங்கி நின்று வழிவிட்டேன்.
ஒன்றுமில்லை. ஓர் அசைவுமில்லை.

ஒன்பதாம் மாடியில் கதவைத் தட்டினேன்.
இன்னும் இருக்கிறதா?
இருக்கு.
வாசல் கம்பிக்கதவின்மேல் தாளை வைத்து எழுதினேன்:
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இடறல் உண்டு.
காரணம் தெரியவில்லை.
மேற்பார்வையாளர் என்ன சொல்வாரோ.
அந்தப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமே கிடையாது,
ஓரத்தில் எழுத வேண்டியிருந்தது.

டப்பாவைத் திறந்து மரவள்ளி வறுவல் நீட்டினார்.
வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.
வலது பக்கமாகவே மெள்ள மெள்ள மென்றேன்.
ஏன் ஒரு பக்கமா, என்றார்.
சொன்னேன்.
இடம் மாறுவதையும், பல் போனதையும்,
படத்தில் ஒன்றும் இல்லை என்பதையும்.

டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார்:
தனியா இருக்கும்போதா?